சென்னியப்பன் கை தரணியிடம் இருந்த காலம்

ஆயுத பூஜை முடிந்து எல்லோரும் கையை எடுத்தபோது சென்னியப்பனின் இரண்டு கையும் தரணியிடம் போய்விட்டன, தரணியின் இரண்டு கையும் சென்னியப்பனிடம் வந்துவிட்டன. கோயில் வாசலில் செருப்பு மாறுகிற மாதிரிதான். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

எப்படி என்று கேட்பவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடலாம். கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் குழந்தைவேலுவின் பட்டறை, எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களைப் பிரித்து, கருகின கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பி கட்டிக் கொடுக்கிற இடம். அங்கே குழந்தைவேலுவின் அப்பா காலத்து வழக்கம் ஒன்று உண்டு. ஆயுத பூஜையன்று ஸ்பேனர், சுத்தியல், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வாழையிலை போட்ட பலகையில் வரிசையாக வைப்பார்கள், வைத்த பிறகு வேலைக்காரர்களும் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் நடுவில் தங்கள் கைகளையும் குப்புற வைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் கையும் ஆயுதம், அதுவும் முதலாளியுடையது என்பது அந்தக் காலத்து நினைப்பு. முதலாளியம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, ஸ்பேனருக்கு ஒரு பொட்டு, கைக்கு ஒரு பொட்டு, சுத்தியலுக்கு ஒரு பொட்டு, கைக்கு ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டே போவார். அந்த வருடம் சாம்பிராணியை யாரோ அள்ளிப் போட்டுவிட்டார்கள். புகையில் பலகை தெரியவில்லை. வாசலில் பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டதும், பொரி தீர்ந்துவிடுமோ என்ற பதற்றத்தில் ஆளாளுக்கு அகப்பட்ட கையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சென்னியப்பனும் தரணியும் மாற்றி எடுத்துவிட்டார்கள்.

பொரிக்குக் கையை நீட்டும்போதுதான் தரணி பார்த்தான். முட்டி பெருத்து, நகம் கறுத்து, ரேகையெல்லாம் வார்னிஷ் ஏறின கை.

"ஏனுங் மேஸ்திரி, உங்க கை எங்கிட்ட இருக்குதுங்."

சென்னியப்பன் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. ஒரு விரலில் மோதிரம்.

"மோதரம் போட்டுட்டா மோட்டார் கட்டுன நீ?"

"கல்யாணம் நிச்சயமாயிருக்குதுங். பொண்ணு ஊட்ல போட்டதுங்."

"செரி. பொரியத் தின்னு."

மறுநாள் மறுபடி பலகை போட்டு, மறுபடி புகை போட்டு, மறுபடி பூசணிக்காய் உடைத்துப் பார்த்தார்கள். அவரவர் வைத்த கை அவரவரிடமே திரும்பி வந்தது. பூஜைக்கு வந்த அய்யரைக் கேட்டதற்கு, நாள் தப்பிவிட்டது, இனி அடுத்த ஆயுத பூஜைதான் என்றார். வேலை கிடந்தது. எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

சென்னியப்பன் அந்தப் பட்டறையின் மேஸ்திரி. அறுபதை நெருங்குகிற ஆள். பேச்சு குறைவு, இருக்கிற பேச்சும் பாதி திட்டு. எதற்கும் காத்திருக்க மாட்டார். பஸ் வரத் தாமதமானால் நடந்துவிடுவார், சோறு வேகத் தாமதமானால் அரிசியோடு தின்றுவிடுவார். அவரிடம் தொழில் பழக வந்தவர்கள் கம்பி சுற்றப் பழகினார்கள், காகிதம் மடிக்கப் பழகினார்கள், சுருள்களை இரும்பில் வெட்டின காடிப் பள்ளத்தில் நுழைக்கப் பழகினார்கள், ஆனால் கடைசியில் சுருள்களின் நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுகிற வேலை, மோட்டார் ஓடுமா எரியுமா என்று தீர்மானிக்கிற அந்த ஒரே ஒரு வேலை மட்டும் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்த நேரம் வரும்போதெல்லாம் சென்னியப்பன் முதுகைத் திருப்பிக்கொண்டு, "போயி டீ வாங்கிட்டு வா" என்பார். தரணி உடுமலைப் பக்கத்துப் பிள்ளை, டிப்ளமோ படித்தவன். பட்டறைக்கு வந்த நாள்முதல் டீ வாங்கிக்கொண்டிருந்தான். எந்தக் கடையில் எந்நேரம் பால் புதுசு என்பது டீக்கடைக்காரர்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கை மாறின வாரத்திலேயே இந்த ஏற்பாடு கெட்டது. தரணியின் மடியில் மோட்டார். கிழக் கைகள் அவனைக் கேட்காமலே சுற்றின, மடித்தன, நுழைத்தன. கடைசிக் கட்டம் வந்தது. சென்னியப்பன் பழக்க தோஷத்தில், "போயி டீ வாங்கிட்டு வா" என்றார். தரணியும் பழக்க தோஷத்தில் எழுந்தான். கால் எழுந்தது, கை எழவில்லை. அந்தக் கைகள் ஜென்மத்தில் டீ வாங்கப் போனதில்லை; மோட்டாரைப் பிடித்த பிடியை விடவில்லை. பாதி எழுந்தவன் பாதியிலேயே உட்கார்ந்து, தன் மடியிலேயே நடப்பதைப் பார்த்தான். இதை அதோடு சேர்த்தன, அதை இதோடு சேர்த்தன, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தன. முடிந்தது.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா மேஸ்திரி இத்தன டீ?"

சென்னியப்பன் தானே எழுந்து டீக்கடைக்குப் போனார். போனபோது அவர் கைகளுக்குக் கடைக்காரன் சொல்லாமலே தெரிந்திருந்தது, எத்தனை கண்ணாடி டம்ளரை எந்த விரலிடுக்கில் செருகினால் சிந்தாது என்று. சொட்டுக் கூடச் சிந்தாமல் கொண்டுவந்து வைத்தார். பட்டறையே எழுந்து நின்று பார்த்தது. தரணி நுனி கட்டுகிற அந்த விதத்தைச் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டான், ஆனால் அவன் செல்போன் அவனுடைய கட்டைவிரல் பட்டால்தான் திறக்கும், கட்டைவிரல் சென்னியப்பனிடம் இருந்தது. "தொறந்து குடுங் மேஸ்திரி." சென்னியப்பன் ஒரு டீ முழுக்க யோசித்தார். பிறகு தன் ரகசியத்தைத் திருடுகிறவனுக்குத் தன் கையாலேயே பூட்டைத் திறந்து கொடுத்தார். திறந்த போனில் ராஜ்கோட்டில் எவனோ ஒருத்தன் அதே நுனிகளை இன்னும் சுருக்கமாகக் கட்டுகிற படம் ஓடியது. சென்னியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை மறுபடி மறுபடி பார்த்தார்.

"இத முன்னயே பாத்திருந்தயா நீ?"

"போன வருசமேங்."

"சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் டீ வாங்க அனுப்பிட்டீங்களேங்."

கை மட்டும் வரவில்லை, கையின் குணமும் வந்திருந்தது. தரணியிடம் போன ஆட்காட்டி விரல் காலையில் எழுந்ததும் தானாக உயர்ந்து யாரையாவது சுட்டும். விரலை உயர்த்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறக்குவது அசிங்கம் என்பதால், தரணி கண்டவர்களுக்கெல்லாம் புத்திமதி சொல்ல ஆரம்பித்தான். விடிகாலையில் அந்த விரல்கள் மடங்காது. வெந்நீரில் ஊறவைத்தால்தான் சட்டைப் பித்தான் போட முடியும். சூடான இரும்பைத் தொட்டால் சூடு தெரியாது, கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும். மேஸ்திரிக்குப் பேட்டரி இறங்கிவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன், அதற்குப் பிறகு அதைச் சொல்லவில்லை.

சென்னியப்பனுக்கு வேறு மாதிரி வந்தது. இளங்கைகள் கம்பியைத் தாறுமாறாகச் சுற்றின. சுருள் நெகிழ்ந்தது. "ஏண்டா, சோத்தத்தானே திங்கற?" என்று வழக்கம்போலக் கத்தினார். கத்தியதும் கைகள் நடுங்கின. மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை, மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி. அவர் கத்துவதை நிறுத்தினார். நடுக்கம் நின்றது. சோதித்துப் பார்க்க இன்னொரு தடவை கத்தினார். மறுபடி நடுங்கின. தன் குரலுக்குத் தன் கையே நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் சத்தம் குறைந்துபோய், பக்கத்துக் கடைக்காரர்கள் யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஊருக்கு இதெல்லாம் பழகிவிட்டது. ரேஷன் கடையில் சென்னியப்பன் விரல் வைத்தால் உடுமலைத் தரணி என்று வந்தது. கடைக்காரன் தலையைக்கூட நிமிர்த்தாமல், "மாத்துன ஆளக் கூட்டிட்டு வாங்க" என்றான். அன்றிலிருந்து இரண்டு பேரும் வண்டி மாடுகள் மாதிரி எங்கேயும் சேர்ந்தே போனார்கள், ரேஷனுக்குச் சேர்ந்து, பாங்குக்குச் சேர்ந்து, சிம் கார்டு வாங்கச் சேர்ந்து. தொழிலதிபர்கள் சங்கத்தில் இதைக் கேள்விப்பட்டுத் 'தலைமுறைகளின் கைகோர்ப்பு' என்று ஏ.சி. ஹாலில் கருத்தரங்கம் வைத்தார்கள். சென்னையிலிருந்து வந்த மேலாண்மை நிபுணர் ஒருத்தர், மூத்தோரின் அனுபவமும் இளையோரின் வேகமும் ஒரே உடம்பில் சேர்ந்தால் நாடு எங்கேயோ போய்விடும் என்று சாப்பாட்டு நேரம் தாண்டிப் பேசினார். சால்வை போட்டு, சென்னியப்பனையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "கை மாறிருச்சு. வேல நடக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அடுத்த வாரம் கணபதியிலும் பீளமேட்டிலும் பட்டறைக்குப் பட்டறை கிழவர்களையும் பையன்களையும் பலகையைச் சுற்றி உட்காரவைத்துச் சாம்பிராணி போட்டார்கள். இருமல்தான் வந்தது. முதியோர் சங்கம் ஒன்று, மூட்டுவலிக்காரர்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று கலெக்டருக்கு மனு கொடுத்தது. பையன்கள் வீட்டில் அப்பாவின் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

குழந்தைவேலு மட்டும் பேசாமல் யோசித்தார். யோசித்துச் சம்பளத்தன்று ஒரு முடிவு சொன்னார். சென்னியப்பனிடம் இருப்பது ஹெல்ப்பர் கை, ஆகையால் அவருக்கு ஹெல்ப்பர் சம்பளம். தரணியிடம் இருப்பது ஹெல்ப்பர் தலை, ஆகையால் அவனுக்கும் ஹெல்ப்பர் சம்பளம்.

"அப்ப மேஸ்திரி சம்பளம்?" என்றான் தரணி.

"மேஸ்திரி எங்கிருக்காரு, நீயே சொல்லு" என்றார் முதலாளி.

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் இரண்டு பேரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தோட்டத்துக்காரர்கள் பயிர் காய்கிறது என்று பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டதும், மேஸ்திரி இரண்டு பேரிடமும் பாதிப் பாதி இருக்கிறார் என்று குழந்தைவேலு ஒத்துக்கொண்டார். சென்னியப்பன் இன்னொருத்தனோடு சேர்ந்து முடிவெடுத்தது அதுதான் முதல் தடவை. அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வீட்டில் அவர் மனைவி தெய்வாத்தாள் கை மாறினதைப் பற்றிக் குறை ஒன்றும் சொல்லவில்லை. தரணி தனியாக ரூம் எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டவன். சென்னியப்பன் சாப்பிட்டு எழுந்ததும் அவர் கைகள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தன. முதல் நாள் தெய்வாத்தாள் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இரண்டாம் நாள் குழம்புச் சட்டியையும் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

செல்போன்தான் பெரிய சங்கடம். தரணியின் போன் அந்த விரலுக்குத்தான் திறக்கும் என்பதால் அது சென்னியப்பனின் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. பட்டறை விட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தால், கைகள் தானாகப் பைக்குள் போய், போனை எடுத்து, இரண்டு கட்டைவிரலாலும் சடசடவென்று எழுத ஆரம்பித்துவிடும். முதல் நாள் கண்ணாடி போட்டு வாசித்தார். தரணிக்கு நிச்சயமான பெண் கிருத்திகாவுக்குப் போன செய்தி: 'கிழம் இன்னைக்கும் டீ வாங்க அனுப்பிருச்சு.'

தன்னைத் தானே கிழம் என்று எழுதின கையை அவர் என்ன செய்வார்? அதற்குள் பதில் வந்தது. 'இப்ப எழுதறது யாரு?' கைகள் எழுதின: 'கை.' கிருத்திகா சிரித்து அனுப்பினாள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள், நாள் முழுக்க ஊர்க்காரர்களின் கையை நீட்டச் சொல்லி ஊசி குத்துகிறவள், கைகளைக் கண்டு அதிசயப்படுகிற ஆளில்லை.

தெய்வாத்தாள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "யாரு, தரணிக்குப் பாத்த புள்ளயா? சாப்ட்டாச்சான்னு கேளுங்." கைகள் கேட்டன. அதிலிருந்து தினமும் பொழுது சாயும்போது இதே கச்சேரி. தெய்வாத்தாள் சொல்வாள், கைகள் எழுதும், கிருத்திகா எழுதுவதைக் கைகள் போனைத் திருப்பித் தெய்வாத்தாளுக்குக் காட்டும். தெய்வாத்தாள் இரவிக்கை தைக்கிற அளவு அவளிடம் கேட்டாள், கேஸ் சிலிண்டர் போனிலேயே சொல்வது எப்படி என்று கேட்டாள், அப்புறம் பெரிது பெரிதாக என்னென்னவோ கேட்டாள். சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பொம்பளைகள் பேச்சைப் படிக்கக் கூடாது என்பது அவர் கௌரவம்.

தரணிதான் புலம்பினான். "நான் கட்டிக்கப்போறவகிட்ட உங்க ஊட்டம்மாதானுங் பேசுது. என்னையக் கூப்புட்டு ஒரு வாரமாச்சு."

"அப்ப நீ வந்து தட்டக் கழுவு" என்றார் சென்னியப்பன்.

தை பிறக்கப் போகிற சமயத்தில் கிருத்திகாவின் அப்பா ராக்கியப்பன் பட்டறைக்கு வந்தார். தை முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, மண்டபம் பிடித்தாகிவிட்டது. அவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"ஒரே ஒரு கேள்விங். தாலி கட்டறது கையா, தலையா?"

யாரும் அதுவரை அதை யோசிக்கவில்லை. பட்டறை ஓட்டம் நின்றது.

"கைதான்னா," ராக்கியப்பன் தொடர்ந்தார், "மாப்பள கிட்ட இருக்கறது இந்தப் பெரியவரு கை. அந்தக் கை கட்டுனா என்ற புள்ள இவருக்குப் பொண்டாட்டி. தலைதான்னா, அப்பறம் கை எதுக்கு? எவங் கட்டுனாலும் செரின்னு ஆயிருமே?"

"கையுறை போட்டுக் கட்டலாமுங்" என்றார் குழந்தைவேலு.

"மாட்டுக்குச் சினை ஊசி போடறமா நாம?"

பல்லால் முடிச்சுப் போடலாம் என்றார் ஒருவர். ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போகலாம் என்றார் இன்னொருவர். அங்கே கையெழுத்து யாருடையது என்று கேட்பார்களே என்றதும் அவரும் உட்கார்ந்துவிட்டார். சென்னியப்பனே வந்து கட்டட்டும், அவரிடம் இருப்பது மாப்பிள்ளைக் கைதானே என்று ஒரு வெல்டர் சொன்னார். அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆயுத பூஜைவரை தள்ளிப்போடலாமே என்று தரணி மெதுவாகக் கேட்டான்.

"தையில நடக்கலீன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ராக்கியப்பன் ஸ்கூட்டரை உதைத்தார்.

சென்னியப்பன் எரிச்சலோடு வீட்டுக்குப் போய் மனைவியிடம், "அந்தக் கையாலயே கட்டட்டும். இதுல என்ன பெரிய ஆராய்ச்சி?" என்றார்.

தெய்வாத்தாள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"அது என்ற கழுத்துல கட்டுன கை."

"அதனால?"

"அது இன்னொருத்தி கழுத்துல கட்டுச்சுன்னா, அன்னைக்கே நான் காங்கயத்துல எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன். நீங்க அந்தக் கையோடயே இருந்துக்குங்க."

"அது எங்கிட்ட இல்லயே புள்ள."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவர் ஏதோ கத்த வாயெடுத்தார். கை நடுங்கத் தொடங்கியது. வாயை மூடிக்கொண்டார். இப்படியாகத் தரணிக்குக் கல்யாணம் நடந்தால் சென்னியப்பனுக்குக் குடும்பம் போகும், சென்னியப்பன் குடும்பத்தைக் காப்பாற்றினால் தரணிக்குக் கல்யாணம் போகும் என்று ஆனது. ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து டீக்கடையில் இதைப் பேசித் தீர்த்தது. வயசானவர்கள் எல்லாம் தெய்வாத்தாள் கட்சி, இளசுகள் எல்லாம் தரணி கட்சி. கருத்தரங்கம் நடத்தின சங்கத்தை யாரோ கேட்டார்கள். அவர்கள் தலைப்பை மாற்றிவிட்டார்கள், இப்போது ஏற்றுமதி என்றார்கள்.

சென்னியப்பன் மூன்று டீ குடித்து முடித்துவிட்டு, தரணியிடம் சொன்னார்: "நீ கட்டு. அவ போனாப் போறா."

"அம்மா போயிட்டாச் சோத்துக்கு என்ன பண்ணுவீங்?"

"என்ற கை ஆக்கும்."

"அது என்ற கைங்."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்துப் பார்த்தவர்கள் பட்டறையில் யாருமில்லை, என்னமோ ஏதோ என்று தண்ணீர் எடுத்துவர ஓடினார்கள். சிரித்து முடித்த பிறகு அவர் கையைப் பார்த்தார். விரல்கள் அந்த மோதிரத்தைத் தடவிக்கொண்டிருந்தன, அவர் சொல்லாமல், அவரைக் கேட்காமல். இவன் இந்தப் பெண்ணை இவ்வளவு நினைத்துக்கொண்டா டீ வாங்கப் போய்க்கொண்டிருந்தான் என்று நினைத்துக்கொண்டார்.

முகூர்த்தத்தன்று தெய்வாத்தாள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, மாற்றுச் சேலைகளை ஒயர்க்கூடையில் அடுக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்து கூடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டாள். காங்கயம் பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. சென்னியப்பன் தூணோரமாக நின்றுகொண்டார். மணையில் தரணி, மடியில் கிழக் கைகளை மடக்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் கிருத்திகா. எங்கள் பக்கம் கல்யாணத்தை நடத்தி வைக்கிற அருமைக்காரர், இரண்டு கட்சிக்கும் பொதுவாக, யார் கண்ணையும் பார்க்காமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாலித் தட்டு சபையில் எல்லோரும் தொட்டுக் கும்பிடச் சுற்றி வந்தது. தொட்டவர்கள் முகம் மாறியது. கிசுகிசுப்பு வரிசை வரிசையாக நகர்ந்தது. தட்டு சென்னியப்பனிடம் வந்தபோது அவரும் பார்த்தார். தட்டில் மஞ்சள் கயிறு இரண்டு இருந்தது.

"ரெண்டு எதுக்கும்மா?" என்றார் அருமைக்காரர்.

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு தெய்வாத்தாம்மாளுக்கு" என்றாள் கிருத்திகா.

தெய்வாத்தாள் அதற்குள் மேடை ஏறியிருந்தாள். ஒயர்க்கூடையும் கூடவே ஏறியது.

"ஆடிப் பதினெட்டுக்கு நாமெல்லாம் கயிறு மாத்திக்கறதில்லயா? நான் தையில மாத்திக்கறேன். அந்தக் கை இந்தப் புள்ளைக்குக் கட்டட்டும், இந்தக் கை எனக்குக் கட்டட்டும். எதுக்கு எது போச்சோ அதுக்கு அது வந்துரும்."

ராக்கியப்பன் கண்ணை மூடி விரல்விட்டுக் கூட்டினார், கழித்தார், மறுபடி கூட்டினார். "நேராகுது" என்றார். அருமைக்காரருக்கு வந்த நிம்மதியில் அவரே தேங்காயை எடுத்துக் கொடுத்தார். சென்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது, அத்தனை சாயங்காலமும் தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தன் விரல்கள் எதை எழுதிக்கொண்டிருந்தன என்று.

கெட்டிமேளம் கொட்டியது. கிழக் கைகள் கிருத்திகாவுக்கு ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டன, தெய்வாத்தாளுக்கு அன்றைக்குப் போட்ட அதே வேகத்தில். தரணிக்கு எப்போது கட்டி முடித்தோம் என்றே தெரியவில்லை. கிருத்திகா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "நரம்பு நல்லாத் தெரியுது" என்றாள். அரிசி மழையாகக் கொட்டியது.

அடுத்து சென்னியப்பன். அவரை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். இளங்கைகளில் மஞ்சள் கயிற்றைக் கொடுத்தார்கள். மேளக்காரர் மறுபடி கோலை ஓங்கினார். கிருத்திகா கையைத் தூக்கினாள்.

"இருங்க. அம்மாகிட்ட இன்னும் யாரும் கேக்கலியே?"

"என்னத்தம்மா கேக்கோணும்?"

"சம்மதமான்னு."

"இத்தன வருசமாக் குடும்பம் பண்ணிட்டிருக்காங் அம்மிணி" என்றார் அருமைக்காரர்.

"அப்பக் கேட்டீங்களா?"

அருமைக்காரர் தெய்வாத்தாளைப் பார்த்தார். தெய்வாத்தாள் இல்லை என்று தலையை ஆட்டினாள். சபை சென்னியப்பனைப் பார்த்தது.

"என்ன புள்ள?" என்றார் அவர்.

"இது கேள்வியாங்?" என்றாள் கிருத்திகா.

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். வேர்த்தது. "சம்மதமா?"

கிருத்திகா குனிந்து தெய்வாத்தாளின் காதில் ஏதோ சொன்னாள். தெய்வாத்தாள் கொஞ்ச நேரம் கணவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பார்ப்பது மாதிரி.

"யோசிச்சுச் சொல்றேனுங்."

சபையில் கையில் அரிசியோடு இருந்தவர்கள் கையை இறக்கவில்லை. நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுக்கவில்லை. "முகூர்த்தம் முடியுதுங்" என்றார் அருமைக்காரர்.

"முடியட்டும்" என்றார் சென்னியப்பன்.

"பசிக்குது. சாப்ட்டுட்டு யோசிக்கறேன்" என்று தெய்வாத்தாள் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கிருத்திகாவும் கூடப் போனாள். புதுமாப்பிள்ளை தரணியும் பின்னால் போனான். முதல் பந்தியில் பொம்பளைகள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்தார்கள். சென்னியப்பன் இரண்டு கையிலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இலைக்குப் பின்னால் வந்து நின்றார். பரிமாறுகிறவன், "உக்காருங் மேஸ்திரி, இல போடறேன்" என்றான். "நிக்கறேன்" என்றார். சாம்பார் வந்தது, ரசம் வந்தது, மோர் வந்தது.

தெய்வாத்தாள் பாயசத்தை இன்னொரு தடவை கேட்டு வாங்கினாள்.